ஒலி இருந்தும் கடக்க முடியாத சந்திப்பு: பார்வையற்ற பாதசாரிகளுக்கான கிராசிங், ஒரு நிகழ்வு ஆய்வு

சிக்னல் கம்பத்தில் ஒலிப்பெட்டி இருக்கிறது. நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்தாயிற்று. சாலைக்கு இறங்கச் சரிவும் உண்டு. பதிவேட்டில் அந்தச் சந்திப்பு ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது’ என்று ஏறிவிட்டது. ஆனாலும் வெள்ளைக் கோலுடன் வருபவர் அங்கே யாராவது வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை நின்றுகொண்டிருக்கிறார். கருவிகள் அத்தனையும் இருந்தும் கடக்க முடியாமல் போவது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிச் சந்திப்பு. பல ஊர்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் குறைகளை ஒரே வரைபடத்தில் சேர்த்து, அளவுகளைக் கணக்கிட வசதியாக நிர்ணயித்திருக்கிறோம். வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் சாலை என்று கொள்ளுங்கள். வலப்பக்கம் செல்லும் நாடுகளில் இட வலத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

சந்திப்பின் அமைப்பு

நான்கு முனைச் சந்திப்பு. பிரதான சாலையில் இரு திசைக்கும் 7 மீட்டர் வீதம் தடங்கள், நடுவே 1.2 மீட்டர் அகலத் திட்டு. விளிம்பிலிருந்து விளிம்புக்கு மொத்தம் 15.2 மீட்டர். குறுக்குச் சாலை 7 மீட்டர். கிராசிங்கின் அகலம் 3 மீட்டர். மூலைகள் 9 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கின்றன. ‘அ’ மூலையில் இரண்டு கிராசிங்குக்கும் பொதுவாக ஒரே சரிவு, சந்திப்பின் மையத்தைப் பார்த்தபடி. அதே மூலையில் ஒரே கம்பம், அதில் இரண்டு பொத்தான்கள், இரண்டுக்கும் ஒரே மாதிரியான ஒலி. ‘ஆ’ மூலையில் வாகனங்கள் சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் ஃப்ரீ லெஃப்ட் தடமும் ஒரு முக்கோணத் திட்டும். பாதசாரிகளுக்கு நடைவிளக்கு 5 நொடி எரிகிறது. பிறகு, ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிப்பதற்காக, 13 நொடி மின்னுகிறது. நடைவிளக்கு எரிந்து 5 நொடி கழித்துத்தான் அதே திசையில் செல்லும் வாகனங்களுக்குப் பச்சை விழுகிறது.

கடப்பவருக்குத் தேவையான ஐந்து விடைகள்

கிராசிங் எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் நடக்க வேண்டும், எப்போது கிளம்பலாம், நடுவில் கோணிப் போகாமல் இருக்கிறேனா, எதிர்ப்பக்கம் வந்துவிட்டதா? பார்வையுள்ளவருக்கு இந்த ஐந்துக்கும் ஒரே பார்வையில் விடை கிடைக்கிறது. பார்வையற்றவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே, வெவ்வேறு புலன் வழியாகத் திரட்ட வேண்டியிருக்கிறது. வழக்கமான ஒலிச் சிக்னல் மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை தருகிறது. மற்ற நான்குக்கும் விடை சொல்ல வேண்டியது தரையும், கம்பம் நிற்கும் இடமும், திட்டின் அகலமும்தான். செலவு பெரும்பாலும் கருவிக்கே போய்விடுவதால் தோல்வியும் இங்கேதான் தொடங்குகிறது.

கருவி எதுவும் இல்லாத காலத்திலும் பார்வையற்றோர் சாலையைக் கடந்தார்கள், இன்றும் கடக்கிறார்கள். நடமாட்டப் பயிற்சியில் கற்றுத்தரப்படும் முறை இது: நடைபாதை விளிம்பில் நின்று, தாம் போக வேண்டிய திசைக்கு இணையாக ஓடும் போக்குவரத்தைக் காதால் பிடிப்பது. பக்கத்தில் நிற்கும் வாகனங்கள் மொத்தமாக உறுமிக் கிளம்பும் அந்தக் கணம்தான் பச்சை விழுந்ததன் அடையாளம். அந்த வாகனங்களின் ஓட்டமே நேர்கோட்டையும் காட்டும். வழிகாட்டி நாய் சிக்னலின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. கிளம்பும் கணத்தைத் தீர்மானிப்பவர் அதன் உரிமையாளர். எதிரே வாகனம் வந்தால் மறுப்பதுதான் நாயின் பணி.

இந்த மாதிரிச் சந்திப்பு அந்த உத்தியை ஏறக்குறைய முழுவதும் உடைத்துவிடுகிறது. பாதசாரிக்கு 5 நொடி முன்னதாக விளக்கு எரிவது நல்ல ஏற்பாடு: திரும்பும் வாகனம் வருமுன் பாதசாரி சாலைக்குள் இறங்கி ஓட்டுநரின் கண்ணில் பட்டுவிடுவார். ஆனால் அந்த 5 நொடியும் வாகனங்கள் அசையாமல் நிற்கின்றன. அவற்றிடமிருந்து காதுக்கு எந்தச் செய்தியும் இல்லை. கம்பத்தின் ஒலியோ இரண்டு கிராசிங்குக்கும் ஒரே மாதிரி என்பதால் அதை நம்ப முடியாது. பார்வையற்றவர் வாகனங்களின் கிளம்பல் ஒலிக்காகக் காத்திருந்து, அவை கிளம்பும்போது கிளம்புகிறார். அதாவது, இடப்பக்கம் திரும்பும் வாகனங்களோடு சேர்ந்தே சாலையில் இறங்குகிறார். எல்லோருக்கும் பாதுகாப்பு தரும் ஏற்பாடு இவருக்கு மட்டும் ஆபத்தாக மாறுகிறது. எல்லா வாகனங்களையும் நிறுத்திவிட்டுப் பாதசாரிகளை மட்டும் விடும் சிக்னல்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வாகனங்கள் கிளம்பும் ஓசை கேட்டால், நடக்கக் கூடாத நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மின்வாகனங்கள் இதற்கு மேலும் ஒரு சிக்கல். அவற்றுக்குச் செயற்கை ஒலி வேண்டும் என்று விதிகள் வந்துவிட்டன. ஐ.நா.வின் 138-ஆம் எண் ஒழுங்குமுறை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், அமெரிக்க விதி சுமார் 30 கிலோமீட்டர் வரையிலும் ஒலி கேட்கவேண்டும் என்கின்றன. அதற்கு மேல் டயர் ஓசையே போதும் என்பது அவற்றின் கணக்கு.  ஐ.நா. ஒழுங்குமுறைப்படி சிக்னலில் அசையாமல் நிற்கும் மின்வாகனம் ஒலி எழுப்பியாக வேண்டும் என்பதில்லை. கிளம்பல் ஒலியை மட்டும் நம்பியிருந்த பழைய உத்திக்கு இனி சிக்னலே துணை நிற்க வேண்டும்.

திசை: 6 டிகிரிக்குள் அடங்கும் பிழை

கிராசிங்கின் அகலம் 3 மீட்டர். சரியாக நடுவிலிருந்து கிளம்புபவருக்கு இரு பக்கமும் 1.5 மீட்டர் இடம். 15.2 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் விலக, திசை 5.6 டிகிரி பிசகினால் போதும். 10 டிகிரி பிசகினால் எதிர்ப்பக்கம் சேரும்போது 2.7 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு நேராக நடப்பது மனிதருக்கு இயல்பாக வராது. ஆகவே கிளம்பும்போது உடல் சரியான திசையில் நிற்பதுதான் மற்ற எதையும் விட முக்கியம்.

‘அ’ மூலையின் சரிவு சந்திப்பின் மையத்தைப் பார்த்து, கிராசிங்குக்கு 45 டிகிரி கோணத்தில் அமைந்திருக்கிறது. சரிவின் இறக்கத்தைக் காலால் உணர்ந்து அதே திசையில் நடப்பவர் ஓடும் வாகனங்களின் நடுவே போய்ச் சேர்வார். சரிவைத் தவிர்த்துவிட்டு, நடைபாதை விளிம்பில் கால்விரல்களைப் பொருத்தி அதற்குச் செங்குத்தாக நடக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூலை 9 மீட்டர் ஆரத்தில் வளைவதால், வளைவுக்குள் 3 மீட்டர் வந்தாலே விளிம்பின் திசை 20 டிகிரி திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில் விளிம்புக்குச் செங்குத்தாக நடப்பவர் எதிர்ப்பக்கத்தில் 5.5 மீட்டர் விலகிப் போவார். கிராசிங்கை வளைவில் தொடங்கவிட்டால் எந்த ஒலிப்பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தீர்வு எளிது, செலவுதான் கூடும். ஒவ்வொரு கிராசிங்குக்கும் தனிச் சரிவு வேண்டும். சரிவின் இறக்கம் கிராசிங்கின் திசையிலேயே இருக்க வேண்டும், 12-க்கு 1 என்ற வாட்டத்துக்கு மிகாமல். மூலை ஆரத்தைக் குறைக்க முடிந்தால் பலன் மும்மடங்கு: விளிம்பின் நேர்ப்பகுதி கிராசிங்குக்குக் கிடைக்கும், கடக்கும் தூரம் குறையும், திரும்பும் வாகனத்தின் வேகமும் மட்டுப்படும். ஆரத்தைத் தொட முடியாவிட்டால் கிராசிங்கையே வளைவு முடியும் இடத்துக்குப் பின்தள்ளலாம். ஆனால் மிகவும் பின்தள்ளினால் திரும்பி வரும் ஓட்டுநர் பாதசாரியைக் கடைசி நொடியில்தான் காண்பார். பக்கத்துச் சாலையின் இணையான ஓசையும் காதுக்கு எட்டாமல் போகும்.

தரை ஓடுகள்

தொடுஉணர் ஓட்டை 1965-இல் உருவாக்கியவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. 1967 மார்ச் 18 அன்று ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகேயுள்ள கிராசிங்கில் அது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. அடிப்படை இலக்கணம் ஒன்றுதான்: புள்ளி ஓடு ‘நில், கவனி’ என்கிறது, கோட்டு ஓடு ‘இந்த வழியே போ’ என்கிறது. இந்த இரண்டையும் மாற்றிப் பதிப்பது எழுத்தை மாற்றி அச்சடிப்பதற்குச் சமம். அழகுக்காக நடைபாதை முழுவதும் புள்ளி ஓடு பரப்பிய இடங்களில் அபாய எச்சரிக்கைக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை.

சரிவு சாலையோடு சமமாக முடியும் இடத்தில் விளிம்பின் படி மறைந்துவிடுகிறது. சக்கர நாற்காலிக்கு அது அவசியம். ஆனால் பார்வையற்றவருக்கு நடைபாதை முடிந்து சாலை தொடங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தப் படிதான். அதை ஈடுசெய்யவே அங்கு புள்ளி ஓடு. புள்ளியின் உயரம் 5 மி.மீ., அடி விட்டம் 23 முதல் 36 மி.மீ., மையத்துக்கு மையம் 41 முதல் 61 மி.மீ. நடக்கும் திசையில் பட்டையின் ஆழம் சுமார் 600 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு அடி எடுத்து வைக்கும்போது கால் படாமல் தாண்டிவிடாதபடி, உணர்ந்ததும் நிற்கவும் இடம் கிடைக்கும்படி தேர்ந்த அளவு இது. 300 மி.மீ. ஓடு ஒற்றை வரிசையாகப் பதித்தால் நீண்ட அடி வைப்பவர் அதைத் தாண்டியே போய்விடுவார். அகலம் சரிவின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். ஓரத்தில் விடும் ஒரு ஓட்டு இடைவெளியில்தான் கால் படும். ஆழத்தைத் தேவைக்கு மேல் கூட்டவும் கூடாது, சக்கர நாற்காலியும் மூட்டுவலிக்காரரும் அந்தப் புள்ளிகள் மேல்தான் போக வேண்டும்.

நடைபாதையில் நேராக வருபவருக்குக் கிராசிங் பக்கவாட்டில் இருப்பது தெரியாது. அதற்காகக் கட்டடச் சுவரோரத்திலிருந்து பொத்தான் வரை நடைபாதைக்குக் குறுக்கே 600 மி.மீ. அகலத்தில் கோட்டு ஓட்டுப் பட்டை போட வேண்டும். அதன் கோடுகள் கிராசிங்கின் திசைக்கு இணையாக இருந்தால், கோலையோ பாதத்தையோ அவற்றில் பொருத்தித் திசை பிடிக்கலாம். ஓடு பதிப்பவர் நடைபாதைக் கல்லின் வரிசைக்கு ஒத்துப்போகட்டும் என்று கோடுகளைச் சற்றே திருப்பிவிடுவதுண்டு. பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். நடப்பவரை 10 டிகிரி விலக்கிவிடும்.

பார்வையற்றோராகப் பதிவு செய்யப்பட்டவர்களில் பெரும்பான்மையோருக்குச் சிறிதேனும் பார்வை உண்டு. அவர்களுக்கு ஓட்டின் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடுதான் உதவும். கருந்தார்ப் பரப்பை ஒட்டி எடுப்பாகத் தெரியும் மஞ்சள், வெளிறிய கான்கிரீட்டின் மேல் கரைந்துபோகும். அங்கே அடர் நிற ஓடுதான் சரி. மழையில் வழுக்கும் மெருகேற்றிய ஓடு கூடவே கூடாது. ஒட்டுப் பசையால் மேலே ஒட்டிய தகடுகள் ஓரம் எழும்பித் தடுக்கும். புது வேலையில் கான்கிரீட்டுக்குள் புதைத்துப் பதிப்பதே நிலைக்கும். குழிமூடி குறுக்கிட்டால் ஓட்டை நிறுத்திவிடாமல், ஓடு பதிக்கத்தக்க குழிந்த மூடி போட வேண்டும்.

நடுத்திட்டு

1.2 மீட்டர் திட்டில் யாரோ புள்ளி ஓடு பதித்திருந்தால் அதை எடுத்துவிடுவதே நல்லது. புள்ளி ஓட்டை உணர்ந்ததும் பார்வையற்றவர் ‘இங்கே நிற்கலாம்’ என்று கொள்வார். அவ்வளவு குறுகிய திட்டில் கோலின் நுனியோ நாயின் உடலோ சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அடைக்கலமாகக் காட்டத் திட்டு குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். கணக்கு இதுதான்: உள்ளே நுழையும்போது 600 மி.மீ. புள்ளி, நடுவில் 600 மி.மீ. வெற்றுத் தளம், வெளியேறும்போது 600 மி.மீ. புள்ளி. நடுத்தளம் இல்லாவிட்டால் இரண்டு எச்சரிக்கையும் ஒன்றாகிப் பொருளிழக்கும்.

இந்தச் சந்திப்பில் அந்த 600 மி.மீ. எங்கிருந்து வரும்? ஒவ்வொரு தடத்தையும் 3.5 மீட்டரிலிருந்து 3.35 ஆக்கினால் நான்கு தடத்திலும் சேர்த்து 0.6 மீட்டர் மிச்சமாகிறது. மொத்த அகலம் மாறாமலே திட்டு 1.8 மீட்டர் ஆகிவிடும். திட்டில் கடந்து செல்லும் வெட்டு கிராசிங்கோடு நேராக இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும் விளிம்புக் கல் நின்றால் கோலால் தடவித் திசையைச் சரிசெய்துகொள்ளலாம்.

கம்பமும் பொத்தானும்

ஒரு மூலையில் இரண்டு பொத்தான்கள் ஒரே கம்பத்தில் இருப்பதே இங்கு மிக அபாயமான குறை. இரண்டும் ஒரே மாதிரி ‘டக் டக்’ என்று ஒலிக்கும்போது எந்தச் சாலைக்கு நடைவிளக்கு எரிகிறது என்று சொல்ல முடியாது. பிரதான சாலையைக் கடக்க நிற்பவர் குறுக்குச் சாலைக்கான ஒலியைக் கேட்டு இறங்கிவிடலாம். இரு கம்பங்களுக்கிடையே குறைந்தது 3 மீட்டர் வேண்டும். ஒவ்வொரு கம்பமும் தன் கிராசிங்கின் தொடக்கத்தை ஒட்டி, அதன் வெளிக்கோட்டிலிருந்து 1.5 மீட்டருக்குள், சாலை விளிம்பிலிருந்து 0.5 முதல் 1.8 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அப்படி நின்றால், பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி விளிம்புக்கு வரும் ஓரிரு அடியில் திசை தொலையாது.

3 மீட்டர் இடைவெளி கிடைக்கவே கிடைக்காத குறுகிய மூலையில்தான் பேச்சொலி தேவைப்படும். அப்போது சாலையின் பெயரைச் சொல்லி, ‘இந்தச் சாலைக்கு நடைவிளக்கு எரிகிறது’ என்று நிலையை மட்டும் அறிவிக்க வேண்டும். ‘பாதுகாப்பாகக் கடக்கலாம்’ என்று சொல்லவே கூடாது. சிவப்பை மீறி வரும் வாகனத்தைப் பற்றிப் பெட்டிக்கு எதுவும் தெரியாது. இரைச்சலில் பேச்சின் மெய்யெழுத்துகள் முதலில் கரையும். அந்த ஊர் மொழி தெரியாதவருக்கோ பேச்சே பயனில்லை. ஆகவே இரண்டு கம்பத்துக்கு இடம் தேடுவதே முதல் வேலை.

வடக்கு தெற்குக்கு ஒரு பறவை ஒலி, கிழக்கு மேற்குக்கு இன்னொன்று என்ற பழைய முறையும் திசையைத் தீர்ப்பதாகத் தோன்றும். தாம் நிற்கும் சாலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது உதவும். கோணலாக ஓடும் சாலையில் யாருக்கும் உதவாது. போதாக்குறைக்கு நிஜப் பறவைகளும் அந்த ஒலியை எழுப்பும்.

பொத்தானின் உயரம் தரையிலிருந்து சுமார் 1.07 மீட்டர், 1.2-க்கு மேல் போகாமல். மேலுள்ள புடைப்பு அம்புக்குறி கிராசிங்கின் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். இங்கு நடக்கும் தவறு வழக்கமானது: பொருத்துபவர் பெட்டியைக் கம்பத்தின் வசதியான முகத்தில் திருகிவிடுகிறார், அம்பு கட்டடத்தையோ சந்திப்பின் மையத்தையோ காட்டுகிறது. பொருத்தும்போது கிராசிங் கோட்டுக்கு இணையாக ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, அம்பின் மேல் வைத்த நேர்கோலை அதனோடு ஒப்பிட்டால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். நடைவிளக்கு எரியும்போது அம்பு அதிர வேண்டும். பார்வையும் செவியும் இல்லாதவருக்கு அந்த அதிர்வு ஒன்றே சிக்னல். பிரிட்டனில் பொத்தான் பெட்டியின் அடியில் நடைவிளக்கின்போது சுழலும் சிறு கூம்பு இதே வேலையைச் செய்கிறது. எத்தனை தடம், நடுவில் திட்டு உண்டா என்பதைப் பெட்டியின் பக்கத்தில் புடைப்புக் குறிகளாக வரைந்து வைப்பது அருமையான ஏற்பாடு. நான்காவது, ஐந்தாவது கேள்விகளுக்கு அது கிளம்பும் முன்பே பாதி விடை சொல்லிவிடுகிறது.

கம்பத்தைச் சுற்றி 1.2 மீட்டர் சமதளம் வேண்டும். செடித்தொட்டிக்குள்ளோ, குப்பைத்தொட்டிக்குப் பின்னாலோ நிற்கும் பொத்தான் இல்லாத பொத்தான்தான்.

ஒலியின் அளவு

இரண்டு வகை ஒலி உண்டு. இடங்காட்டும் ஒலி நாள் முழுவதும் நொடிக்கு ஒருமுறை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். கம்பத்திலிருந்து 2 முதல் 4 மீட்டர் வரை கேட்டால் போதும். நடை ஒலி நொடிக்கு 8 முதல் 10 தட்டுகள். பல அதிர்வெண்கள் கலந்து, 880 ஹெர்ட்ஸ் மேலோங்கி இருக்கும். மூப்பில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் கேட்கும் திறன் என்பதால் கீச்சென்ற ஒற்றைச் சுருதி ஆகாது.

சுற்றுப்புற இரைச்சலைவிட 2 முதல் 5 டெசிபெல் கூடுதலாக இருந்தால் போதும். பெட்டியிலுள்ள மைக் இரைச்சலை அளந்து தானே கூட்டிக் குறைக்கும். பகலில் இரைச்சல் 68 டெசிபெல் என்றால் ஒலி 70 முதல் 73 வரை. இரவில் இரைச்சல் 50-க்கு இறங்கினால் ஒலியும் இறங்கும். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்வதும், உடனே ஒலியை அடியோடு அணைத்துவிடுவதும் பல இடங்களில் நடக்கிறது. பெரும்பாலும் கோளாறு மைக்கில்தான் இருக்கும்: பெயின்ட் பூசியோ சுவரொட்டி ஒட்டியோ அதன் துளை அடைபட்டு, ஒலி ஒரே அளவில் நின்றுபோயிருக்கும். புகார் வந்தால் முதலில் துளையைப் பார்க்கவேண்டும்.

எதிர்ப்பக்கப் பெட்டியின் ஒலி கேட்டு அதை நோக்கி நடக்கலாமே என்று தோன்றும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. 1 மீட்டரில் 73 டெசிபெல் இருப்பது 15 மீட்டரில் 50-க்குக் கீழே போய்விடும்; 68 டெசிபெல் இரைச்சலில் அது கேட்காது. அகலமான சாலைக்கு வேறு வழி உண்டு. பொத்தானை ஒரு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் எதிர்ப்பக்கத்தில் உயரமாகப் பொருத்திய ஒலிபெருக்கி கூடுதல் சத்தத்தில் ஒலித்து அழைக்கும். எல்லாச் சுற்றிலும் அப்படி ஒலிக்க விட்டால் வரும் வாகனத்தின் ஓசையை அது மறைத்துவிடும்; கடப்பவருக்குத் தம் காது அதற்கும் வேண்டும்.

நேரம்

இப்போதைய கணக்கு 15.2 மீட்டரை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் வகுத்து 13 நொடி தந்திருக்கிறது. 5 நொடி நடைவிளக்கையும் சேர்த்தால் 18. வாகனங்களின் கிளம்பல் ஒலிக்குக் காத்து 6-ஆவது நொடியில் இறங்குபவருக்கு மிச்சம் 12 நொடி. நொடிக்கு 1.07 மீட்டர் நடப்பவர் அதற்குள் 12.8 மீட்டர்தான் போயிருப்பார். கடைசித் தடத்தில் 2.4 மீட்டர் பாக்கி இருக்கும்போது அவர் கடக்கும் சாலையின் வாகனங்களுக்குப் பச்சை விழும்.

திருத்தம்: நடைவிளக்கு 7 நொடி, மின்னல் 15 நொடி, மொத்தம் 22. பொத்தானிலிருந்து, அதாவது விளிம்புக்கு 1.8 மீட்டர் பின்னாலிருந்து, நொடிக்கு 0.91 மீட்டர் நடப்பவருக்கு 17 மீட்டர் கடக்க 18.7 நொடி ஆகும், 22-க்குள் அடங்குகிறது. நடைவிளக்கு நெடுநேரம் எரியும் சந்திப்பில் நடை ஒலியை முதல் 7 நொடியோடு நிறுத்தலாம், மீதி நேரம் போதுமானதாக இருந்தால் பொத்தானை அழுத்தி மீண்டும் வரவழைக்கும் வசதியோடு.

ஃப்ரீ லெஃப்ட்

‘ஆ’ மூலையைப் பற்றி நம் கருத்து உறுதியானது: அந்தத் தடத்தை எடுத்துவிட வேண்டும். சிக்னல் இல்லாத அந்த ஒற்றைத் தடத்தில் பார்வையற்றவர் வாகன இடைவெளியைக் காதால் அறிய வேண்டும். பிரதான சாலையின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. ஓட்டுநர் வழிவிட்டு நின்றாலும் அது தெரியாது. நிற்கும் எஞ்சினின் முனகல் கேட்காது. ‘போங்க’ என்ற கையசைப்பும் தெரியாது. ஒருவர் நிற்க, பின்னால் வருபவர் ஹாரன் அடிக்க, கடப்பவர் குழம்பி நிற்கும் இடம் இது.

எடுக்கவே முடியாதென்றால் அதற்கும் சிக்னலும் ஒலியும் கொடுக்க வேண்டும். அதோடு கிராசிங்கைத் தடத்துக்குச் செங்குத்தாக, 75 முதல் 100 மி.மீ. உயர்த்திய மேடையாக அமைக்கலாம். வாகன வேகம் குறையும், வழிவிடுவோரும் கூடுவர். மேடை நடைபாதையோடு சமமாகிவிடுவதால் புள்ளி ஓடு அங்கே இன்னும் அவசியம். ரவுண்டானாவுக்கும் இதே தர்க்கம்தான். வெளியேறும் வாகனமும் சுற்றிவரும் வாகனமும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

கைப்பேசிச் செயலி இவற்றுக்கு மாற்றாகாது. இருப்பிடம் காட்டும் செயற்கைக்கோள் கணிப்பு கட்டடங்களுக்கிடையே பல மீட்டர் பிசகும். இங்கே கிராசிங்கின் அகலமே 3 மீட்டர்.

எண்ணிக்கை இலக்கின் அழுத்தம்

நியூயார்க் நகரில் முதல் ஒலிச் சிக்னல் 1957-இல் வந்தது. 2020 அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்நகரின் 13,000-க்கும் மேற்பட்ட சிக்னல் சந்திப்புகளில் 95 சதவீதத்துக்கும் மேலானவற்றில் பார்வையற்றோருக்கான வசதி இல்லாததைக் கண்டு, அது மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டங்களுக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் பத்தாண்டுகளில் 9,000-க்கும் அதிகமான சந்திப்புகளில் பொருத்தும்படி ஆணை வந்தது. 2023-இல் சிகாகோ நகருக்கு எதிராகவும் இதே போன்ற தீர்ப்பு வந்தது. உரிமை நிலைநாட்டப்பட்டது பெரிய வெற்றி. ஆனால் இத்தகைய வேகத்தில் வேலை நடக்கும் எந்த ஊரிலும், பழைய கம்பத்திலேயே புதுப் பெட்டியை மாட்டிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வரும். ஒப்பந்தத்தில் ‘கருவி எத்தனை’ என்பதோடு கம்பத்தின் இடமும் அம்பின் திசையும் சரிவும் தனித்தனி வரியாக இருந்தால்தான் அந்த ஆசை அடங்கும்.

ஏற்புச் சோதனை

கருவிகளைப் பொருத்தி முடித்ததும் சோதிக்க மூவர் வேண்டும்: ஒருவர் எதிர்ப்பக்க நடைவிளக்கைப் பார்த்தபடி, இன்னொருவர் பொத்தானில் கைவைத்தபடி, மூன்றாமவர் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே. ஒவ்வொரு பொத்தானுக்கும் பல சுற்றுகள் பார்க்க வேண்டும்: விளக்கும் ஒலியும் அதிர்வும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நிற்கின்றனவா? இரண்டு சாலைகளின் கம்பிகள் இடம் மாறிவிட்டால் சிவப்பில் நடை ஒலி வரும். உயிரைப் பறிக்கும் பிழை இது. பார்வையுள்ளவர்கள் விளக்கைப் பார்த்து நடப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் எந்த வேலை நடந்தாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும். சிக்னல் மஞ்சள் மின்னல் நிலைக்குப் போகும்போது இடங்காட்டும் ஒலி நின்றுவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த மௌனம்தான் ‘இப்போது சிக்னல் வேலை செய்யவில்லை’ என்ற செய்தி.

பிறகு பார்வையற்றோரை வைத்துச் சோதிக்க வேண்டும். ஒருவர் போதாது: கோல் பிடிப்பவர், நாயுடன் வருபவர், குறைபார்வை உள்ளவர், செவித்திறனும் குறைந்தவர் என்று கலந்து, நடமாட்டப் பயிற்சியாளர் உடனிருக்க, இடம் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்லாமல் விட வேண்டும். குறித்துக்கொள்ள வேண்டியவை: பொத்தானைக் கண்டுபிடித்தாரா, கிளம்பும்போது எந்தக் கோணத்தில் நின்றார், விளக்கெரிந்து எத்தனை நொடியில் இறங்கினார், எதிர்ப்பக்கம் எங்கே ஏறினார். பலரும் ஒரே பக்கம் விலகினால் குறை அவர்களிடம் இல்லை. சரிவையோ அம்பையோ மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.

பராமரிப்பும் தற்காலிக வேலைகளும்

ஒலிபெருக்கித் துளையில் தூசியும் பூச்சிக்கூடும் சேரும். அதிர்வு மோட்டார் சத்தமில்லாமல் செத்துப்போகும். சாலைக்குப் புதுத் தார் போடும்போது மட்டம் உயர்ந்து சரிவின் அடியில் நீர் தேங்கும். கிராசிங் கோட்டைச் சற்றுத் தள்ளி வரைந்துவிட்டால் அம்பு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தார் போட்ட பின் அம்பையும் ஓட்டையும் கோட்டையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். பழுதைத் தெரிவிக்கும் எண்ணைப் புடைப்பெழுத்திலும் பிரெய்லிலும் பெட்டியிலேயே பொறித்தால், பழுதை முதலில் உணர்பவரே அதைச் சொல்ல முடியும்.

தோண்டும் வேலைக்காகக் கிராசிங்கை மூடும்போது பிளாஸ்டிக் நாடா கட்டிவிட்டுப் போகக் கூடாது. கோல் அதன் அடியில் நுழைந்துவிடும். ஆள் நாடாவோடு குழியில் விழுவார். தடுப்பின் கீழ்ச்சட்டம் தரையிலிருந்து 50 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, மேல்விளிம்பு குறைந்தது 810 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், இடையில் திறப்பில்லாமல் தொடர்ச்சியாக நிற்க வேண்டும். மூடிய கிராசிங்கின் இடங்காட்டும் ஒலியை அணைத்துவிட்டு, மாற்று வழியைத் தடுப்பில் பொருத்திய ஒலிப்பெட்டி வழியாகச் சொல்ல வேண்டும்.